ஃப்ளோரிடாவுக்குக் குடிவந்த பிறகு கிடைத்த ஓட்டு

ஆர்லண்டோவில் என்னோடு நாலு வருஷம் வேலை பார்த்தவர் புவேர்ட்டோ ரிக்கோக்காரர் (அமெரிக்காவின் ஆட்சியில் உள்ள, ஆனால் மாநிலம் அல்லாத தீவு), போன்சே ஊர். பழகிய புதிதில் அவரிடம், "கிரீன் கார்டு வர எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டுவிட்டேன், நம் கவலை நமக்கு. அவர் சிரித்துவிட்டு, "பிறந்த அன்றைக்கே குடிமகன், எங்கள் தீவுக்கு 1917-லேயே கொடுத்துவிட்டார்கள்" என்றார். சரி, அப்புறம் என்ன குறை என்று நினைத்தேன்.

2020 நவம்பரில்தான் புரிந்தது. ஓட்டுப் போட்டதும் கொடுத்த ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 41 வயதில் அதிபர் தேர்தலில் அவர் போட்ட முதல் ஓட்டு! அதுவும் 2017 மரியா புயலில் வீடு போய் ஃப்ளோரிடாவுக்கு வந்ததால் கிடைத்தது. தீவிலேயே இருந்திருந்தால் கட்சி வேட்பாளரைத் தேர்வு செய்யும் முதல்கட்டத் தேர்தலில் ஓட்டுப் போடலாம், நவம்பரில் முடியாது, ஏனென்றால் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் எலெக்டர்கள் மாநிலங்களுக்கும் தலைநகருக்கும்தான். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தீவிலிருந்து ஒருவரை அனுப்புகிறார்கள், ஆனால் மசோதா நிறைவேறும் கடைசி வாக்கெடுப்பில் அவருக்கு ஓட்டு கிடையாது. என் நண்பருடைய அப்பா வியட்நாம் போருக்குப் போனவர். போருக்கு அனுப்பிய அதிபர் யார் என்பதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை.

—

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன், எங்கள் கதை இதற்குத் தலைகீழ். எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு உண்டு, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரை இங்கே அப்படித்தான் சொல்வோம். 1962 ஆகஸ்டில் இணைப்பு ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுப்பவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்றார்கள், தாத்தா எழுதிக் கொடுத்துவிட்டார். பேரன் என் வகுப்புத் தோழன், பாரிஸைக் கண்ணால் பார்த்ததில்லை. 2022 ஏப்ரலில் பிரெஞ்சு அதிபர் தேர்தலில் மக்ரோனா லெ பென்னா என்று இங்கேயே ஓட்டுப் போட்டுவிட்டு டீ குடிக்க வந்தான்! ஆனால் 2021 சட்டமன்றத் தேர்தலில் அவன் விரலில் மை இல்லை, இந்தியாவில்தான் இரட்டைக் குடியுரிமை கிடையாதே. வாசலில் சாக்கடை அடைத்தால் மனு கொடுக்க என்னைத்தான் துணைக்கு அழைப்பான். ஒரு முறை உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவர், "அது ஓட்டு இல்லாத வீடாச்சே" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

—

ஹவாயில் படித்தபோது என் அறைத்தோழன் அமெரிக்கன் சமோவாவில் பிறந்தவன், அதுவும் அமெரிக்காவின் ஆட்சியில் உள்ள பசிபிக் தீவுப் பகுதி. அமெரிக்க பாஸ்போர்ட்தான், ஆனால் உள்ளே இவர் அமெரிக்க நாட்டவர், குடிமகன் அல்லர் என்று ஒரு வரி இருக்கும். ஹவாய்க்கு வந்தாலும் தனியாக விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கினால்தான் ஓட்டு. பிறப்பாலேயே குடியுரிமை வேண்டும் என்று போட்ட வழக்கை 2022-ல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவே இல்லை. வேடிக்கை என்னவென்றால் அமெரிக்கன் சமோவா அரசே அந்தக் கோரிக்கையை எதிர்த்தது. நிலம் சமோவாக்காரர்களிடமே இருக்க வேண்டும் என்ற தங்கள் வழக்கத்துக்கு ஆபத்து வரும் என்ற பயம். என் நண்பனும் அதே கட்சி.

—

முதலில் எழுதியவன்தான். இன்னொன்று விட்டுப்போயிற்று. ஃப்ளோரிடாவில் இருந்த அமெரிக்கர் சென்னைக்கே குடிபோனாலும் அங்கிருந்து தபாலில் அதிபருக்கு ஓட்டுப் போடலாம், போன்சேவுக்குத் திரும்பினால் முடியாது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள என் போன்சே நண்பர் அடுத்த வருஷம் திரும்பப் போகிறாராம்.