பின் டயரில் காற்று தானாகவே இறங்குகிறது, பஞ்சர் இல்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?

சத்துவாச்சாரி 150:
வணக்கம். 150 சிசி பைக், இரண்டும் அலாய் வீல், ட்யூப்லெஸ். தினமும் சத்துவாச்சாரியில் இருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு ஹைவேயில் போய் வருகிறேன். சாயங்காலம் வரும் வழியில் பங்கில் பின் டயருக்கு 32 வைத்தால் அடுத்த வாரம் 20க்கு வந்துவிடுகிறது. முன் டயரும் இறங்குகிறது, ஆனால் அவ்வளவு இல்லை. பஞ்சர் கடையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு ஆணி எதுவும் இல்லை, வேலூர் வெயிலுக்கு அப்படித்தான் இறங்கும் என்றார். டயர் இன்னும் தேயவே இல்லை, மாற்ற வேண்டுமா?

பாலாற்றங்கரை:
தம்பி, வெயிலில் காற்று இறங்காது, ஏறும். 6, 7 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ கூடும். ஹைவேயில் ஓடி வந்த சூட்டோடு நீங்கள் 32 வைத்தால், காலையில் ஆறிய டயரில் 28, 29தான் காட்டும், அதனால் அந்த மூன்று நான்கை லீக் கணக்கில் சேர்க்காதீர்கள். காலையில் வண்டி எடுக்கும் முன் சொந்த கேஜில் பாருங்கள், பங்குக்குப் பங்கு மீட்டர் ஒவ்வொரு விதம். நல்ல டயரிலும் ரப்பர் வழியாக மாதம் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ போகும். உங்களுக்குப் போவது அதற்கெல்லாம் மேலே, லீக்தான்.

வாலாஜா ரோடு:
டயருக்குள்ள ஓட்டை அடைக்கிற லிக்விட் ஊத்திடுங்க தல, வேலை முடிஞ்சது.

பாகாயம் ஸ்பேனர்:
லிக்விட் அவசரப்பட்டு ஊற்ற வேண்டாம். அது ஓடுகிற டயரில் தரையைத் தொடும் பக்கத்து ஆணி ஓட்டைக்கு நன்றாகக் கேட்கும், ரிம் ஓரத்தில் கசிந்தால் அவ்வளவாகக் கேட்காது, அப்புறம் டயரைக் கழற்றுகிறவர் திட்டுவார். ஒரு மக் தண்ணீரில் ஷாம்பு பாக்கெட்டைக் கலக்கிக்கொண்டு வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். முதலில் வால்வு வாயில் ஒரு சொட்டு (கடைக்காரர் எச்சில் தொட்டு வைப்பாரே, அதே வேலை), முட்டை விட்டால் வால்வுக்கு உள்ளே காற்றை அடைக்கும் பின் (ஊசி) போய்விட்டது. அடுத்து வால்வைப் பக்கவாட்டில் லேசாக வளைத்து அடியில் ரப்பர் வெடித்திருக்கிறதா பாருங்கள். கடைசியில் ரிம்மும் டயரும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் சுற்றி நுரையைத் தடவிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். பச்சைத் தண்ணீரை ஊற்றிய உடனே பார்த்தால் இந்தக் கசிவு கண்ணுக்குப் படாது.

சத்துவாச்சாரி 150:
பார்த்தேன் அண்ணா. பின் டயர் வால்வு நன்றாக இருக்கிறது. செயின் பக்கம் ரிம் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பொடிப்பொடியாக நுரை கிளம்புகிறது. காட்டினால் அலாய் வீலையே மாற்றச் சொல்கிறார்கள்!

பாகாயம் ஸ்பேனர்:
எதற்கு? விரிசலோ பள்ளத்தில் விட்ட நெளிவோ இருந்தால்தான் வீலைப் பற்றி யோசிக்க வேண்டும். டயரை இறக்கிப் பார்த்தால் அந்த இடத்தில் பெயின்ட் உப்பி, அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக இருக்கும், போர் தண்ணீரில் வாட்டர் வாஷ் அடிக்கிற நம் ஊர் வண்டிகளில் இது எனக்குப் புதிதில்லை. எமரி தாளால் மழமழவென்று தேய்த்து, டயர் ஓரத்தையும் துடைத்து, பீட் சீலர் (ரிம்மும் டயரும் சேரும் இடத்தில் கசிவை அடைக்கும் பசை) தடவி ஏற்றச் சொல்லுங்கள். கழற்றியதோடு வால்வையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். அதுவரை தினமும் காற்று பார்க்காமல் ஹைவே ஏறாதீர்கள். 20ல் வேகமாக ஓடினால் டயர் பக்கவாட்டில் மடங்கி மடங்கிச் சூடேறும், பின்னால் ஆள் இருந்தால் இன்னும் மோசம்.

பாலாற்றங்கரை:
32 என்று எப்போதும் வைக்கிறீர்களே, அது பெரும்பாலும் இரண்டு பேர் கணக்கு. தனியாகப் போனால் எவ்வளவு என்று வண்டி ஸ்டிக்கரிலோ புத்தகத்திலோ பாருங்கள்.

சத்துவாச்சாரி 150:
சரி, ஞாயிற்றுக்கிழமை கழற்றச் சொல்லியிருக்கிறேன். முன் டயரில் வால்வு வாயில்தான் முட்டை வருகிறது, மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. அதற்கும் டயரைக் கழற்ற வேண்டுமா?

பாகாயம் ஸ்பேனர்:
வேண்டாம். வால்வு பின்னை இறுக்கிப் பாருங்கள், நிற்காவிட்டால் பின்னை மட்டும் மாற்றிக் காற்று பிடித்தால் போதும். மூடி வாங்கிப் போடுங்கள், உள்ளே மண் போனால் புதுப் பின்னும் சரியாக உட்காராது.