டிரம் மெஷினும் லேப்டாப்பும் மேடையில் ஒத்துப்போகவில்லை, வழி சொல்லுங்கள்

லேப்டாப்பில் பேஸ், லூப் எல்லாம் ஓடும், தாளம் மட்டும் டிரம் மெஷினிலிருந்து நேராக மிக்சருக்குப் போகும். லேப்டாப்தான் மாஸ்டர் (வேகத்தை முடிவு செய்வது), மெஷின் அதைப் பின்தொடர யுஎஸ்பி வழியாக மிடி கிளாக், அதாவது வேகம் சொல்லும் துடிப்புகள், அனுப்புகிறேன். முதலில் கிக் எப்போதும் பேஸுக்கு ஒரு மயிரிழை முன்னால் விழுந்தது. லேப்டாப் சத்தம் பஃபரை (வெளியே போகும் முன் ஒலி சற்றே சேர்த்து வைக்கப்படும் இடம்) தாண்டி வர வேண்டும், 48 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் என்றால் கிட்டத்தட்ட 11 மில்லிசெகண்ட், கிளாக்குக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. சரி என்று கிளாக்கை அவ்வளவு தாமதப்படுத்தினேன், அது தீர்ந்தது.

தீராதது வேகம் நிலையில்லாமல் ஆடுவதுதான். நான் வைத்தது நிமிடத்துக்கு 120 பீட், மெஷின் திரையில் 119.7, 120.4 என்று எண் துள்ளிக்கொண்டே இருக்கிறது, லேப்டாப்பில் பிளகின் (எஃபெக்ட், இசைக்கருவி மென்பொருள்கள்) கூடினால் இன்னும் மோசம், ஹை-ஹாட்டில் அப்பட்டமாகக் கேட்கிறது (கூட்டத்துக்குத் தெரியாது என்கிறார் எங்கள் கிடாரிஸ்ட், எனக்குத் தெரிகிறதே!).

மிடி கிளாக்கில் கால் நோட்டுக்கு 24 துடிப்புதான், அதையே ஒழுங்காக அனுப்ப முடியவில்லையா? ஆடியோ இன்டர்ஃபேஸின் ஐந்து முள் மிடிக்கு மாறினால் குறையுமா? இல்லை, மெஷினின் கிளாக் உள்ளீட்டுக்கு ஆடியோ அவுட்டிலிருந்தே துடிப்பு அனுப்பலாமா? மெஷினை மாஸ்டராக்கிப் பார்த்துவிட்டேன், லூப்கள் எல்லாம் குழறுகின்றன, அது வேண்டாம். மேடையில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், அடுத்த வாரம் நிகழ்ச்சி.