பின் சஸ்பென்ஷன்: சுமை ஏற்றிய பிறகு அளந்து பாருங்கள்

வணக்கம் அண்ணா,

எஞ்சினும் ரேக்கும் (சுமை வைக்கும் கம்பித் தட்டு) ஒன்றாக இருந்து பின் சஸ்பென்ஷன் மட்டும் மாறும் இரண்டு ஏடிவிகளில் (கரடுமுரடான பாதைக்கான நான்கு சக்கர வண்டிகளில்) எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஹோண்டாவின் ஃபோர்மேன் 520, ரூபிகன் 520 இரண்டும் இப்படிப்பட்ட ஜோடிதான். இரண்டுக்கும் 518 சிசி எஞ்சின். முன் ரேக் 45 கிலோ, பின் ரேக் 85 கிலோ தாங்கும் என்பதும் ஒன்றுதான். ஃபோர்மேனுக்குப் பின்னால் இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டில் இணைக்கும் சாலிட் ஆக்சில், ரூபிகனுக்கு ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி சஸ்பென்ஷன். ஆகவே தனி சஸ்பென்ஷன் வண்டி அதிகம் தாங்கும் என்று விற்பவர் சொன்னால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

முதலில் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி. துண்டறிக்கையில் தனி சஸ்பென்ஷன் வண்டிக்குத்தான் பெரிய எண் போட்டிருக்கும். அது காலி வண்டியின் கணக்கு. சுமை ஏற ஏற ஷாக் அப்சார்பர் அமுங்கும், வண்டியின் வயிறும் கூடவே இறங்கும். வயிறு 5 செ.மீ. இறங்கினால் கிளியரன்ஸும் 5 செ.மீ. போச்சு. சாலிட் ஆக்சிலில் மிகத் தாழ்ந்த இடம் நடுவில் தொங்கும் கியர் பெட்டி. அது ஆக்சிலோடு ஒட்டியிருப்பதால் தரைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை டயரின் உயரம்தான் தீர்மானிக்கிறது. எவ்வளவு ஏற்றினாலும் டயர் நசுங்கும் அளவுதான் குறையும். ஆனால் வண்டித்தடம் ஆழமாகப் பதிந்த பாதையில், இரண்டு தடத்துக்கும் நடுவில் உள்ள மேட்டில் அந்தப் பெட்டிதான் முதலில் தட்டும். உங்கள் பாதையில் அந்த மேடு எவ்வளவு உயரம் என்று ஒரு குச்சியை நட்டு அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

டிரெய்லர் இழுப்பதுதான் முக்கிய வேலை என்றால் என் ஓட்டு சாலிட் ஆக்சிலுக்கே. இந்த வகை வண்டிகள் பலவற்றில் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் கொக்கி) ஸ்விங்ஆர்மின் (ஆக்சிலைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கையின்) முனையில், ஆக்சிலோடு சேர்ந்தே இருக்கும். டிரெய்லர் மூக்கின் எடை (அதன் முன்முனை ஹிட்சில் அழுத்தும் எடை) நேராகச் சக்கரத்துக்குப் போகிறது, ஸ்பிரிங்கை அமுக்குவதில்லை. தனி சஸ்பென்ஷனில் ஹிட்ச் சட்டத்தில் (ஃபிரேமில்) இருப்பதால் மூக்கு கனத்தால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். முன்சக்கரத்தில் பாரம் குறைந்து ஹேண்டில் லேசாகும், மேட்டில் ஏறும்போது திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். பின் ரேக் சுமையையும் மூக்கு எடையையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். பலர் தவறுவது இதில்தான்.

மருந்து டேங்க் வைத்துச் சரிவில் குறுக்கே ஓட்டும் வேலைக்கும் சாலிட் ஆக்சில் நல்லது. பின்பக்கம் சட்டம் ஆக்சிலை விட்டுத் தனியாகச் சாயாது. 80 லிட்டர் டேங்க் என்றால் தண்ணீர் மட்டுமே 80 கிலோ, அதுவும் அரை டேங்கில் அலை அடிக்கும். தனி சஸ்பென்ஷனில் ஸ்டெபிலைசர் பார் (சாய்வைக் குறைக்கும் கம்பி) இருந்தாலும் பள்ளப் பக்க ஷாக் அமுங்கி வண்டி இன்னும் கொஞ்சம் சாயும்.

மற்றபடி கல்லும் வேருமான பாதையில் தினமும் மணிக்கணக்காக ஓட்டுவதானால் யோசிக்கவே வேண்டாம், தனி சஸ்பென்ஷன்தான். சாலிட் ஆக்சிலில் ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் பின்பக்கம் முழுக்க எகிறிப் பக்கவாட்டில் வெட்டும். இடுப்பு தாங்காது.

பராமரிப்பில் வித்தியாசம் பெரிது. தனி சஸ்பென்ஷனில் பின்னால் மட்டும் 4 சிவி ஜாயின்ட் (ஆக்சில் வளைந்தபடியே சுழல விடும் மூட்டு), அவற்றை மூடும் 4 ரப்பர் பூட், ஏ-ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் A வடிவக் கை) புஷ்கள், இரண்டு பக்கமும் சக்கர பேரிங். முதலில் போவது பூட். ரிம்மின் உள்பக்கம் வட்டமாகக் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். அன்றே பார்த்தால் பூட் கிட்டோடு முடியும், சேற்றில் ஓட்டிவிட்டால் ஆக்சிலையே மாற்ற வேண்டும். வேலை இவ்வளவுதான்: சக்கரத்தைக் கழற்றி, காட்டர் பின்னையும் ஆக்சில் நட்டையும் எடுத்து, மேல் ஏ-ஆர்ம் போல்ட்டை உருவி, நக்கிளை (சக்கர பேரிங் இருக்கும் பாகத்தை) வெளியே சாய்த்தால் ஆக்சில் வரும். உள்முனையைச் சர்க்ளிப் (சிறு கம்பி வளையம்) பிடித்திருக்கும், நேராக ஒரே வெட்டாக இழுக்க வேண்டும், நெம்பினால் ஆயில் சீல் போய்விடும். பழைய கிரீஸை விரலில் தேய்த்துப் பாருங்கள். மணல் போல் நறநறத்தால் அந்த ஜாயின்ட்டுக்குப் புது பூட் போடுவது வீண். நன்றாக இருந்தால் கழுவித் துடைத்து, கிட்டில் வரும் கிரீஸ் முழுவதையும் அடைத்து, கிளாம்ப் போடுமுன் பூட்டின் விளிம்பைத் தூக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். சர்க்ளிப் புதிதாகவே போடுங்கள்.

சாலிட் ஆக்சிலில் பார்க்க வேண்டியது குறைவு. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் ஆக்சில் பேரிங். டயரோடு ஸ்விங்ஆர்மையே பக்கவாட்டில் தள்ளும்போது ஆடினால் அது சட்டத்தோடு சேரும் இடத்திலுள்ள பிவட் பேரிங். கியர் பெட்டி ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. ஆக்சிலில் சுற்றிய கம்பியும் நைலான் நூலும்தான் சீலைத் தின்னும். ஆகவே கழுவும்போதே அறுத்து எடுத்துவிடுங்கள்.

சாலிட் ஆக்சிலில் இரண்டு பின்சக்கரமும் சேர்ந்தேதான் சுழலும். தனி சஸ்பென்ஷன் வண்டிகள் பலவற்றிலும் அப்படித்தான், இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் இருக்கும் என்று நினைத்து எடுக்காதீர்கள். அதனால் இரண்டு பின்டயரிலும் காற்று சமமாக இருக்க வேண்டும். ஒன்றில் குறைந்தால் அதன் சுற்றளவு குறைந்து வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். காற்றே சில பிஎஸ்ஐதான் என்பதால் கார் கேஜில் சரியாகத் தெரியாது, குறைந்த அழுத்தத்துக்கான கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

தனி சஸ்பென்ஷனை எடுப்பதானால் கடையிலேயே வண்டியின் வயிற்றிலிருந்து தரைவரை அளந்து, ரேக்கில் உங்கள் வழக்கமான எடையை வைத்து, ஒருவர் உட்கார்ந்த பிறகு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஷாக்கின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கும் அளவை) ஒவ்வொரு படியாக ஏற்றிப் பாருங்கள். கடைசிப் படியிலும் வயிறு உங்கள் குச்சி அளவுக்குக் கீழே வந்தால் அந்த வண்டி உங்கள் பாதைக்கு ஆகாது.