விடிகாலையில் மட்டும் அடம்பிடிக்கும் ஹைலக்ஸ்: குளோ பிளக்கா?

பட்டர்வொர்த் காய்கறிக்காரன்: பழைய டோயோட்டா ஹைலக்ஸ் வண்டி, 2எல்-ங்கிற வகை டீசல் இன்ஜின். காலை 4 மணிக்குச் சந்தைக்குக் கிளம்பணும். பத்துச் சுற்று சுற்றினாத்தான் பிடிக்குது, வெள்ளைப் புகை வேற. மத்தியானம் ஒரே சுற்று. இந்தப் பினாங்கு வெயிலுக்கு, ஸ்டார்ட்டுக்கு முன்னாடி இன்ஜினைச் சூடாக்குற குளோ பிளக்கே வேணாம்னு சொல்றாங்க. நிஜமா?

புக்கிட் மெர்தாஜம் பட்டறை: யார் தம்பி சொன்னது? 2எல்லில் டீசல் முதலில் ஹெட்டுக்குள்ளே (இன்ஜினின் மேல் மூடி) இருக்கும் சின்ன அறையில்தான் பற்றும். அந்தச் சுவர் ஆறிக் கிடந்தா சூட்டை இழுத்துக்கும். பினாங்கிலும் பிளக் வேணும். நாலு பிளக்கையும் இணைக்கும் தகட்டைக் கழற்றிட்டு, ஒவ்வொண்ணா மீட்டர் வெச்சுப் பாரு. மின்தடை ஒரு ஓம் பக்கம் காட்டினா நல்லது. முள்ளே அசையலைன்னா செத்தது.

ஜெலுத்தோங் லோரி: வோல்ட் பார்த்து வாங்குங்க அண்ணே. பழைய டோயோட்டாவில் 6 வோல்ட் பிளக்கும் உண்டு. 12 வோல்ட் போகிற இடத்தில் அதை மாட்டி ஒரே வாரத்தில் கருக்கினேன்.

புக்கிட் மெர்தாஜம் பட்டறை: முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விடு. இன்ஜின் சூட்டோட, மெதுவா கழற்று. உள்ளே ஒடிஞ்சா ஹெட்டையே இறக்கணும்.

பட்டர்வொர்த் காய்கறிக்காரன்: மூணு செத்துப்போச்சு அண்ணே! நாலையும் மாத்திட்டேன்.