எழுதிக் காட்டினால் அது மௌனமா?

கிரிவலத்தான்:
நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார், மௌனம் சோம்பேறிகளின் பெருமையாம், வெறுமையில் ஒன்றும் கிடைக்காதாம். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 1896 செப்டம்பர் 1 அன்று, 16 வயதில் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர், கோயிலின் நிலவறைச் சன்னிதியான பாதாள லிங்கத்தின் இருட்டில் பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார், அதன் பிறகு வருடக்கணக்கில் பேசவில்லை. அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியுமா?

எதிர்க்கேள்வி:
அதை எழுதியவன் நான்தான். பேசவில்லை, சரி. 1898 டிசம்பரில் அம்மா அழகம்மாள் வீட்டுக்குக் கூப்பிட வந்தபோது சீட்டில் எழுதிக் கொடுத்தாரே? 1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் கேட்ட கேள்விகளுக்கு எழுதிக் காட்டினாரே? எழுதினால் அது பேச்சுதான்.

கிரிவலத்தான்:
அம்மாவுக்கு என்ன எழுதினார் என்று படித்தீர்களா சார்? நடக்காதது எவ்வளவு முயன்றாலும் நடக்காது, நடப்பது தடுத்தாலும் நிற்காது, ஆகவே மௌனமாக இருப்பதே நல்லது. பெற்றவள் எதிரே அழும்போது இதை எழுத உள்ளே எவ்வளவு அடங்கியிருக்க வேண்டும்! நீங்கள் சீட்டையே பிடித்துக்கொண்டு தொங்குங்கள். போன மாதம் வள்ளலார் விவாதத்திலும் இதே வேலைதான், பாதியில் காணாமல் போனீர்கள்.

எதிர்க்கேள்வி:
ஓடவில்லை, உங்கள் வசவுக்குப் பதில் எழுத மனசில்லை. எழுதினாரா இல்லையா, அதைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், 15 நிமிடம் தனியறையில் சும்மா இருக்கச் சொன்னதற்கு 18 ஆண்களில் 12 பேர் தங்களுக்குத் தாங்களே மின்சார அதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள். இதுதான் உங்கள் வெறுமையின் சுகம்.

பொன்னி:
அண்ணே, அந்தப் 12 பேருக்கும் பழக்கமில்லை, அவ்வளவுதான். விபாசனா என்ற புத்தர் வழித் தியான முகாமில் பத்தாம் நாள் வரை மௌனம். போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள். எனக்கு முதலில் தலைவலி, அப்புறம் இறந்துபோன மாமியார் மேல் இருந்த கோபமெல்லாம் கிளம்பி வந்தது, அழுது தீர்த்த பிறகுதான் தூக்கமே வந்தது. அங்கேயும் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கலாம். அதனால் மௌனம் கெட்டுவிடுமா?

எதிர்க்கேள்வி:
கேட்டால் பேச்சுதானே. நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள்.

கிரிவலத்தான்:
பொன்னி, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் ரமணரையும் விபாசனாவையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். அங்கே மூச்சையும் உடம்பில் எழும் உணர்ச்சிகளையும் கவனிக்கிறார்கள், இங்கே கவனிக்கிறவன் யார் என்றே தேடுகிறோம். பகவான் ரமணர் காலி பண்ணியது 'நான்' என்ற நினைப்பை. அது போன இடத்தில் இருப்பது நிறைவு, சூனியம் இல்லை.

பொன்னி:
புத்தரைச் சூனியம் என்று தள்ளுவது உங்களுக்குப் பழக்கம்தான். ஒரு முகாமாவது உட்கார்ந்திருக்கிறீர்களா?

எதிர்க்கேள்வி:
இரண்டு பேரும் முதலில் எனக்குப் பதில் சொல்லுங்கள். "சும்மா இரு, சொல் அற" என்று அருணகிரிநாதரும்தான் பாடினார், எத்தனை ஆயிரம் பாட்டு!

கிரிவலத்தான்:
அருணகிரியைத் தொடாதீர்கள். பொன்னிக்குச் சொல்லிவிட்டு உங்களிடம் வருகிறேன். அம்மா, நான் முகாமுக்குப் போகவில்லை, போகவும் மாட்டேன். எங்கள் ஊரில் மலை இருக்கிறது.

பொன்னி:
மலை எல்லோருக்கும் பொது. உங்கள் வீட்டுப் பட்டாவில் இல்லை.