ஹாஜி அலி தர்காவுக்கு உம்மாவை அழைத்துப் போகிறேன்: கடல் ஏறும் நேரம், பெண்கள் அனுமதி பற்றிச் சொல்லுங்கள்

கீழக்கரை மகள்:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் மூன்றாவது வாரம் உம்மாவை மும்பைக்கு அழைத்துப் போகிறேன். உம்மாவுக்கு அந்த ஊர் இதுதான் முதல் தடவை. வாப்பா அங்கே 22 வருஷம் வேலை பார்த்தார்கள். வியாழக்கிழமை வேலை முடிந்ததும் கடல் நடுவே பாறைத் திட்டில் இருக்கிற ஹாஜி அலி தர்காவுக்குப் போய் பாத்திஹா ஓதிவிட்டுத்தான் அறைக்குத் திரும்புவார்களாம், ஊருக்கு எழுதுகிற கடிதத்தில் எல்லாம் அந்தக் கடல் நடுப் பாதை எப்படியாவது வந்துவிடும். எண்ணெய் கொட்டிப்போய் அழுதுகொண்டிருந்த ஏழைப் பெண்ணுக்காக ஹாஜி அலி அவுலியா கட்டை விரலைத் தரையில் ஊன்றினார், எண்ணெய் பீறிட்டு வந்தது, அப்புறம் பூமியை நோகடித்துவிட்டோமே என்று அவருக்கே மனசு தாங்காமல் நோயில் விழுந்தார் என்கிற கதையை வாப்பா வாயால் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

வாப்பா மவுத்தாகி மூன்று வருஷம். உம்மா இதுவரை எதையும் வாய் திறந்து கேட்டதில்லை, இப்போது "அவங்க நடந்த பாதையில நானும் ஒரு தடவை நடக்கணும்" என்கிறார்கள். வயது 68, இரண்டு முழங்காலும் வலி. கடல் ஏறினால் பாதை மூழ்கிவிடும் என்கிறார்களே, நேரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? பெண்களை உள்ளே விடமாட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லி உம்மாவைக் கலங்க வைத்திருக்கிறார்கள், இப்போதும் அப்படித்தானா? எந்தக் கிழமை நல்லது?

தாராவிக்காரன்:

வ அலைக்கும் ஸலாம், சகோதரி. முதலில் ஒன்று, நம்ம ஊர்க் கடலை மனதில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கீழக்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும், மும்பையில் அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது நாலு மீட்டரைக்கூடத் தொடும். அதனால்தான் இங்கே பால் பாக்கெட் வாங்குகிறவர்கூட மழைக்காலத்தில் பர்த்தி எத்தனை மணிக்கு என்று கேட்பார். மராத்தியில் பர்த்தி என்றால் ஏற்றம், ஓஹோட்டி என்றால் வற்றம், ஆட்டோக்காரரிடம் இந்த இரண்டு சொல்லும் உதவும்.

ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிஷம், அதாவது ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப் போகும். அதனால் "காலையில் போனால் பாதை காய்ந்திருக்கும்" என்று யாராவது பொத்தாம் பொதுவாகச் சொன்னால் நம்பாதீர்கள், இந்த வாரம் சரியாக இருக்கிற நேரம் அடுத்த வாரம் தலைகீழாகிவிடும். இணையத்தில் மும்பைக்கான ஏற்ற வற்ற அட்டவணை தேதிவாரியாகக் கிடைக்கிறது. நீங்கள் போகும் நாளில் வற்றம் எத்தனை மணி என்று பார்த்து, அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் பாதையில் கால் வைத்தால் நிதானமாகப் போய் வரலாம். டிசம்பரில் மழைக்கால அலை இருக்காது, அந்த வகையில் நல்ல மாதம்தான் எடுத்திருக்கிறீர்கள்.

வழி: தாதரில் இறங்கினால் மேற்கு ரயில் பாதைக்கு மாறி, ஸ்லோ வண்டியில் மூன்றாவது நிறுத்தம் மகாலட்சுமி. அங்கிருந்து டாக்சி. உம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் லோக்கல் ரயில் படிக்கட்டே வேண்டாம், தங்கும் இடத்திலிருந்து நேராக டாக்சி பிடித்துவிடுங்கள். கிழமை? வியாழனும் வெள்ளியும் கூட்டம் நெரியும், திங்கள் அல்லது செவ்வாய் போங்கள்.

நூர் அக்கா:

தங்கச்சி, பெண்கள் விஷயத்தை நான் சொல்கிறேன், உம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டுங்கள். பக்கத்து வீட்டில் சொன்னது ஒரு காலத்தில் உண்மை. ஹாஜி அலியின் கபுர் (அடக்கத்தலம்) இருக்கும் உள் அறைக்குப் பெண்கள் போகக்கூடாது என்று 2012 வாக்கில் தடை வந்தது. நூர்ஜஹான் சஃபியா நியாஸ், ஜகியா சோமன் என்ற இரண்டு பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2016 ஆகஸ்ட் 26 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் தடை செல்லாது என்றது, தர்கா அறக்கட்டளை உச்சநீதிமன்றம் வரை போய், கடைசியில் அக்டோபரில் அங்கேயே சம்மதித்துவிட்டது, நவம்பர் 29 அன்று பெண்கள் மறுபடி உள்ளே போனார்கள். ஆண், பெண் யாரானாலும் கபுரைத் தொடாமல் ஒரே தூரத்தில் நின்று பார்க்கும்படி அப்போது ஏற்பாட்டையும் மாற்றினார்கள். தடை வந்ததிலிருந்து அந்த நவம்பர் வரை வாசலோடு திரும்பியவர்களில் நானும் ஒருத்தி, அதனால் தேதியெல்லாம் எனக்கு மனப்பாடம்.

2018இல் என் மகளோடு போனேன். பாதை கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர், இரண்டு பக்கமும் கடல், நான் போனபோது பிடித்துக்கொள்ளக் கைப்பிடி எதுவும் இல்லை. தண்ணீர் வடிந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும், ஓரக் கல்லில் எல்லாம் பச்சைப் பாசி, செருப்பு வழுக்கியது. உம்மாவை நடுவிலேயே நடக்க வையுங்கள். உள்ளே பளிங்குத் தரை சில்லென்று இருக்கும். தூண்களில் நீலமும் பச்சையும் மஞ்சளுமாகக் கண்ணாடிச் சில்லு பதித்து அல்லாஹ்வின் 99 திருநாமங்களையும் எழுதியிருக்கிறார்கள், நான் பாதி எண்ணுவதற்குள் கண் நிறைந்துவிட்டது. வெள்ளிச் சட்டத்துக்குள் கபுர், மேலே சிவப்பும் பச்சையுமாகச் சரிகைப் போர்வை. என் மகள் "அவ்வளவுதானாம்மா?" என்றாள், அவள் வயது அப்படி. நான் அந்த இடத்தை விட்டு நகர அரை மணி நேரம் ஆனது.

தலையில் முக்காடு வேண்டும், கை முழுக்க மூடிய உடை போதும். பெண்கள் தொழ, உட்காரத் தனி இடம் உண்டு. பூத்தட்டும் போர்வையும் வாங்கச் சொல்லி வழி நெடுகக் கூப்பிடுவார்கள். விருப்பமிருந்தால் வாங்குங்கள், வெறும் கையோடு போய் துஆ கேட்டாலும் யாரும் தடுக்கப்போவதில்லை.

அலையாத்தி:

மேலே சொன்னதெல்லாம் சரி, கிழமை விஷயத்தில் மட்டும் தாராவிக்காரன் அண்ணனோடு நான் ஒத்துப்போகவில்லை. இந்தப் பயணம் வாப்பாவின் வியாழக்கிழமைக்காக. திங்கள் போய்விட்டு வந்தால் உம்மா மனதில் ஒரு குறை நிற்கும். கூட்டம் வியாழன் மாலையில்தான் ஏறும், காலையில் அவ்வளவு இருக்காது. அதனால் டிக்கெட் போடும் முன்பே அட்டவணையைப் பார்த்து, காலை எட்டு, ஒன்பது மணியளவில் வற்றம் வருகிற வியாழன் எது என்று தேடுங்கள். அந்த வாரம் அமையாவிட்டால் ஒரு வாரம் முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள்.

சக்கர நாற்காலி அங்கே கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், நகரத்தில் வாடகைக்கு எடுத்து டாக்சியில் வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். தள்ளுவதற்கு உங்களைத் தவிர இன்னொருவர் கட்டாயம் வேண்டும்.

நான் ஒரு ஜூலை மாதம் நேரம் பார்க்காமல் போய் மாட்டிக்கொண்டேன். கவ்வாலி கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டு எழுந்து பார்த்தால் பாதை இல்லை, சாம்பல் நிறத் தண்ணீர்தான் கரை வரைக்கும். நாலு மணி நேரம் காத்திருந்தோம். பயம் ஒன்றும் இல்லை, தர்கா பாறைத் திட்டின் மேல் உயரத்தில்தான் நிற்கிறது, ஆனால் சர்க்கரை நோயாளி யாராவது கூட வந்திருந்தால் சிரமப்பட்டிருப்போம். உம்மாவின் மாத்திரை, கொஞ்சம் பிஸ்கட், தண்ணீர் கையில் இருக்கட்டும்.

அப்புறம், ஹாஜி அலி மக்கா போகும் வழியில் இறந்து, உடல் வைத்த பெட்டி கடலில் மிதந்து வந்து இந்தத் திட்டில் ஒதுங்கியதாகச் சொல்வார்கள். தர்கா 1431இல் எழும்பியது என்பார்கள். அந்தப் பெட்டிக் கதையைப் பாதையில் போகும்போது உம்மாவிடம் சொல்லுங்கள், அலைச் சத்தத்துக்கு நடுவே கேட்கும்போது அது வேறு மாதிரி இருக்கும்.

கீழக்கரை மகள்:

எல்லாருக்கும் ஜஸாகல்லாஹு கைரன். நூர் அக்கா எழுதியதை உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அந்த இரண்டு பெண்களின் பெயரையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள். பெட்டிக் கதை அவர்களுக்கு முன்பே தெரியுமாம், வாப்பாவின் கடிதத்தில் வந்ததாம், எங்களுக்குத்தான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை என்று முடிவு செய்துவிட்டோம், அட்டவணையை வைத்துக்கொண்டு தம்பி தேதி பார்க்கிறான், தள்ளுவதற்கு அவனும் வருகிறான். சக்கர நாற்காலிக்கு உம்மா ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்கள்: கடைசிக் கொஞ்ச தூரத்தை நடந்தே போவார்களாம். தாராவிக்காரன் காக்கா, தர்கா வாசல் பக்கம் தரை சமமாக இருக்குமா, இல்லை கரைப் பக்கம் நடக்க வைப்பது நல்லதா?

தாராவிக்காரன்:

வாசல் பக்கம்தான் நல்லது, ஆனால் படி ஏறும் இடத்தில் ஈரம் இருக்கும். ஒரு கையைத் தம்பி பிடிக்கட்டும், மறு கையை நீங்கள்.