புளோயத்தில் ‘சிங்க்’: சேரிடமா, கொள்ளிடமா?

மடல் 1: கல்லூரி ஆசிரியை, திருச்சி

அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்வழியில் படிக்கும் முதலாண்டு தாவரவியல் மாணவர்களுக்குப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். செடிக்குள் உணவைக் கடத்தும் திசுவான புளோயத்தில் உணவு நகர்வதைச் சொல்லும் பகுதியில் ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன்.

1930-இல் ஜெர்மன் தாவரவியலாளர் எர்ன்ஸ்ட் முன்ச் விரிவாக எழுதிய அழுத்தப் பாய்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும். இலை சுக்ரோஸைப் புளோயத்தில் ஏற்றுகிறது. செறிவு கூடுவதால் நீரைக் கடத்தும் திசுவான பக்கத்துச் சைலத்திலிருந்து நீர் உள்ளே வருகிறது, அழுத்தம் ஏறுகிறது. வேர், காய், கிழங்கு, குருத்து ஆகியவை சர்க்கரையை வெளியே எடுத்துக்கொள்வதால் அங்கே அழுத்தம் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வே சாற்றை நகர்த்துகிறது. ஏற்றும் இடம் ‘சோர்ஸ்’, எடுக்கும் இடம் ‘சிங்க்’. முதலாவதற்குத் ‘தோற்றுவாய்’ என்று வைத்துவிட்டேன். இரண்டாவதற்குத் ‘தேக்கிடம்’ என்று எழுதியிருந்தேன். வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “குருத்தில் எதுவும் தேங்கவில்லையே மேடம், வந்ததெல்லாம் வளர்ச்சிக்கே செலவாகிவிடுகிறதே” என்றாள். அவள் சொன்னது சரி. இப்போது என்ன செய்வது?

மடல் 2: மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், கோவை

மேடம், ‘சேரிடம்’ போதுமே. ‘சேரிடம் அறிந்து சேர்’ என்று ஆத்திசூடியில் எல்லாக் குழந்தையும் படித்த சொல். ஒரு வேண்டுகோள்: கணினிச் சில்லின் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத்துக்கும், கரியமில வாயுவை வாங்கிக்கொள்ளும் காட்டுக்கும் ஆங்கிலத்தில் இதே ‘சிங்க்’தான். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே சொல்லாக எடுத்தால் என் வேலையும் முடியும்.

மடல் 3: ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், யாழ்ப்பாணம்

வணக்கம் ரீச்சர். சிங்க்குக்கு வருமுன் ஒன்று சொல்ல வேண்டும். சைலம், புளோயம் என்று இன்னும் எத்தனை நாள் எழுதுவீர்கள்? எங்கள் பாடநூல்களில் காழ், உரியம் என்றுதான் பிள்ளைகள் படிக்கின்றார்கள். 1858-இல் தாவரவியலாளர் நேகெலி அந்தப் பெயர்களைக் கிரேக்கத்தில் மரம், பட்டை என்ற சொற்களிலிருந்துதான் எடுத்தார். நமக்குத் தொல்காப்பிய மரபியலே இருக்கிறது: ‘புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப’. மரவுரியில் இருக்கும் உரிதான் உரியம். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

மடல் 4: கல்லூரி ஆசிரியை, திருச்சி

ஐயா, உரியம் எனக்கும் பிடித்த சொல். ஆனால் எங்கள் பிள்ளைகள் பள்ளியில் படித்ததும் சைலம், புளோயம்தான், தேர்வில் வருவதும் அதுதான். முதல் அத்தியாயத்தில் இரண்டையும் சேர்த்துத் தருகிறேன். காழ் விஷயத்தில் ஒரு தயக்கம் உண்டு. காழ் என்றால் வைரம். வைரம் பாய்ந்த நடுமரம் நீரைக் கடத்துவதில்லை. அதைச் சுற்றியுள்ள வெளிர்ப்பகுதிதான் கடத்துகிறது. கடத்தாத பகுதியின் பெயரைக் கடத்தும் திசுவுக்கு வைப்பது எனக்கு உறுத்துகிறது.

மடல் 5: தமிழாசிரியர், தஞ்சாவூர்

அன்புடையீர்,

திருச்சியில் இருந்துகொண்டு இந்தச் சொல்லைத் தேடுகிறீர்களே! முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிகிறது உங்கள் சொல். ‘கொள்ளிடம்’. கொள் + இடம்: தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்ததால் இரட்டியது. இது வினைத்தொகை. கொண்ட இடம், கொள்கின்ற இடம், கொள்ளும் இடம் என மூன்று காலமும் உள்ளே அடக்கம். நேற்று கொண்ட கிழங்கு இன்று கொடுக்கும், நாளை இன்னொன்று கொள்ளும் என்பதுதானே உங்கள் பாடம்?

‘சேரிடம்’ என்பதும் வினைத்தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் சேர்வது சர்க்கரை; உறுப்பு சும்மா இருக்கிறது. ‘கொள்’ என்றால் உறுப்பு வேலை செய்கிறது.

மடல் 6: பனை ஆய்வு மாணவர், தூத்துக்குடி

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை பனை ஏறியவர்கள். பாளையை இடுக்கிப் பதப்படுத்தி, காலையும் மாலையும் நுனியைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பிடிக்கும் பதநீர் முழுக்கப் புளோயச் சாறுதான். பூவுக்கும் நுங்குக்கும் போக வேண்டிய சர்க்கரையைக் கலயம் வாங்கிக்கொள்கிறது. அப்பா ‘பதநீர் இறக்கப் போறேன்’ என்றுதான் சொல்வார். அதனால் ‘ஏற்றிடம், இறக்கிடம்’ என்று இணையாக வைக்கலாமே? முன்ச் சொன்ன ஏற்றுவதும் இறக்குவதும் அப்படியே வந்துவிடுகின்றன.

யாழ்ப்பாணத்து ஐயாவுக்கு: பனை புறக்காழ், அதாவது வைரம் வெளிப்பக்கத்தில்; அதனால் தொல்காப்பியப்படி அது புல். மரபியலில் பாளையும் ஓலையும் புல்லின் உறுப்புகளாகவே வருகின்றன. சைலமும் புளோயமும் சேர்ந்த கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும் பனையில் உரிக்கிற பட்டையில் புளோயம் இல்லை. அங்கே ‘உரியம்’ என்று எப்படிச் சொல்வது?

மடல் 7: கல்லூரி ஆசிரியை, திருச்சி

தம்பி, பதநீர் எடுத்துக்காட்டை அப்படியே பாடத்தில் சேர்க்கிறேன். ‘இறக்கிடம்’ மட்டும் வேண்டாம். சைலம் மேலே போகும், புளோயம் கீழே வரும் என்றுதான் மாணவர்கள் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். குருத்துக்கும் காய்க்கும் சர்க்கரை மேல்நோக்கிப் போவதைப் புரியவைக்கவே எனக்கு ஒரு வகுப்பு ஆகிறது. ‘இறக்கம்’ அந்தத் தவறை உறுதியாக்கிவிடும்.

கொள்ளிடம் ஐயா, உங்கள் இலக்கணம் என்னை அசைத்தது. ஆனால் இங்கே பிள்ளைகளுக்குக் கொள்ளிடம் என்றால் ஆறு, அதுவும் காவிரி தாங்காத வெள்ளத்தை வாங்கும் ஆறு. ‘சிங்க்’ உபரியை வாங்கும் இடமல்லவே, அதன் தேவைதானே சாற்றை வரவழைக்கிறது?

மடல் 8: மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், கோவை

‘சேரிடம்’ என்பதற்கு இதுவரை ஐந்து பேர் ஆதரவு, தனிமடலில் வந்த இரண்டையும் சேர்த்து. முடித்துக்கொள்ளலாமா? அப்புறம், விலங்குகளுக்கும் ஒத்து வருமா? கல்லீரல் சாப்பாட்டுக்குப் பிறகு குளுக்கோஸை எடுத்துவைத்துப் பசி வேளையில் திருப்பித் தருகிறதே.

மடல் 9: தமிழாசிரியர், தஞ்சாவூர்

கல்லீரல் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இதயம் இரத்தத்தைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். செடிக்கு இதயம் இல்லை. இலை ஏற்றுவதும் கிழங்கு கொள்வதும்தான் அதற்கு ஓட்டம் என்று, ஆசிரியை அவர்களே, நீங்கள்தானே விளக்கினீர்கள். அந்தக் கொள்ளுதலைச் சொல்லாத சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. ஆற்றின் பெயர் தடை என்றால் ‘கொள்வாய்’ என்று வையுங்கள். ‘தோற்றுவாய்’க்கு இணையாகவும் இருக்கும்.

மடல் 10: கல்லூரி ஆசிரியை, திருச்சி

ஐயா, ‘கொள்வாய்’ நேற்றே வந்திருக்கக் கூடாதா? ‘சேரிடம்’ என்று 14 பக்கங்களில் திருத்தி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். சொல்லடைவில் மட்டும் இன்று மாலை வரை மாற்றலாம் என்கிறார்கள். அங்கே ‘சேரிடம் (கொள்வாய்)’ என்று சேர்த்துவிடுகிறேன்.

மடல் 11: ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், யாழ்ப்பாணம்

சொல்லடைவு திறந்திருக்கிறது என்றால் காழையும் உரியத்தையும் மறந்துவிடாதீர்கள் ரீச்சர். வைரம் பற்றிய உங்கள் மறுப்புக்கும், பனை பற்றித் தம்பி கேட்டதற்கும் தனியே எழுதுகிறேன்.